கப்பலுக்கும் பைலட் உண்டு... கடைசி சில கிலோமீட்டர் அவர் பொறுப்பு!

இப்படியும் ஒரு வேலை

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் டி.வி-யில் தவறாமல் ஓடும் செய்தி இது: 'துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.' கூண்டின் எண் கூடக் கூட, ஸ்கூல் லீவா என்று பிள்ளைகள் போனை நோண்ட ஆரம்பிப்பார்கள். அந்தச் செய்தியின் வாலில் இன்னொரு வரியும் ஒட்டிக்கொண்டிருக்கும். 'துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பாதுகாப்பு கருதி ஆழ்கடலுக்கு அனுப்பப்பட்டன.'

முதல் முறை கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். புயல் வந்தால் மீனவர்கள் கரைக்குத் திரும்புகிறார்கள். கப்பல் மட்டும் ஏன் கடலுக்குப் போக வேண்டும்? காரணம் எளிது. துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் கப்பலைக் கடல் தூக்கித் தூக்கிக் கான்கிரீட் சுவரில் மோதும். தொடை பருமன் கயிறுகூட பட்டென்று அறுந்துபோகும். அறுந்த கப்பல் பக்கத்துக் கப்பலில் இடிக்கும். திறந்த கடலில் என்றால், இன்ஜினை ஓட விட்டு, அலைக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு சமாளித்துவிடலாம்.

சரி, அனுப்புவது யார்? காற்று வலுக்க ஆரம்பித்த நேரத்தில், ஒன்றன் பின் ஒன்றாக அத்தனை கப்பல்களையும் அந்தக் குறுகலான வாயில் வழியே வெளியே கொண்டுபோய் விட ஒரு சிலர் இருக்கிறார்கள். ஒரு கப்பலை வெளியே விட்டதும், அதன் பக்கவாட்டில் தொங்கும் நூலேணியில் இறங்கி, கீழே குதித்துக்கொண்டிருக்கும் சின்னப் படகில் கால் வைத்து, கரைக்குத் திரும்பி அடுத்த கப்பலில் ஏறுவார்கள். இனி முடியாது என்று துறைமுகமே வேலையை நிறுத்தும் வரை இது நடக்கும்.

அவர்களுக்குப் பெயர் பைலட். விமானம் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்தச் சொல் கப்பலுக்குத்தான் சொந்தம். வானத்துக்காரர்கள் அதைக் கடலிலிருந்து கடன் வாங்கிக்கொண்டார்கள்.

கேப்டன் இருக்கும்போது இவர் எதற்கு?

எல்லோரும் கேட்கும் கேள்வி. கேப்டனுக்கு உலகம் தெரியும். சிங்கப்பூரிலிருந்து ரோட்டர்டாம் வரை கப்பலைக் கொண்டுபோவார். ஆனால், அவர் சென்னைக்கு வருடத்தில் ஒருமுறை வரலாம், வராமலே போகலாம். இந்த வாயிலில் எந்த மாதம் நீரோட்டம் வடக்கே இழுக்கும், எந்த மாதம் தெற்கே தள்ளும், எந்த இடத்தில் மணல் சேர்ந்திருக்கிறது, எந்த பெர்த்தில் அலை திரும்பி அடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பைலட்டுக்குத் தெரிந்தது அந்தச் சில கிலோமீட்டர் மட்டும்தான். ஆனால் அதை அவர் தன் வீட்டுக் கூடத்தைப் போல, இருட்டிலும் நடக்கும் அளவுக்குத் தெரிந்து வைத்திருப்பார்.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். ஆனால், தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்பது சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருக்கிறது. தேர் மூலைக்கு வந்த பிறகு யோசித்தால் வேலைக்கு ஆகாது. முன்கூட்டியே கட்டை போட வேண்டும். கப்பலும் அப்படித்தான். பிரேக் கிடையாது. முன்னூறு மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல், இன்ஜினைப் பின்னோக்கிச் சுழல விட்ட பிறகும் வெகு தூரம் முன்னால் போய்த்தான் நிற்கும்.

அதனால்தான் பெரும்பாலான துறைமுகங்களில் பைலட் கட்டாயம். நம் நாட்டில் 1908-ம் ஆண்டுத் துறைமுகச் சட்டமே, 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் பைலட் இல்லாமல் குறிப்பிட்ட துறைமுகங்களுக்குள் நுழையவோ, நகரவோ கூடாது என்று சொல்லிவிட்டது. உண்மையில் இந்த ஏற்பாடு அதைவிடப் பழசு. 1-ம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு', இன்றைய குஜராத்தின் பரூச் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லும்போது, மன்னரின் வேலையில் இருந்த உள்ளூர் மீனவர்கள் பெரிய படகுகளில் வெளியே வந்து, மணல் திட்டுகளுக்கு இடையே வெளிநாட்டுக் கப்பல்களை அழைத்துப் போனதாகக் குறிப்பிடுகிறது. இரண்டாயிரம் வருடமாக வேலை அதேதான். கப்பல்தான் பெரிதாகிவிட்டது.

9 மீட்டர் நூலேணி

பைலட்டின் வேலையில் ஆபத்தான கட்டம் கப்பலை ஓட்டுவது அல்ல, கப்பலில் ஏறுவது.

துறைமுகத்துக்குச் சில கிலோமீட்டர் வெளியே கப்பல் மெதுவாக வந்துகொண்டிருக்கும். முழுக்க நிற்காது. கேப்டன் கப்பலைச் சற்றுத் திருப்பி, காற்றும் அலையும் படாத பக்கமாக ஒரு மறைவை உண்டாக்கித் தருவார். அந்தப் பக்கத்தில் நூலேணி தொங்கும். பைலட் படகு கப்பலின் வேகத்துக்கு இணையாக ஓடி ஒட்டிக்கொள்ளும். படகு அலையில் மேலே போகும், கீழே இறங்கும். பைலட் விளிம்பில் நின்று கணக்குப் பார்ப்பார். படகு அலையின் உச்சியைத் தொடும் நொடியில் ஏணியைப் பற்றித் தாவ வேண்டும். கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ, அடுத்த அலையில் மேலெழும் படகு காலை நசுக்கிவிடும். ஏணியைப் பிடித்ததும் மடமடவென்று நாலைந்து படி ஏறிவிட வேண்டும். பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறுவதில்லை. அது தனிக் கயிற்றில் மேலே போகும்.

இந்த ஏணிக்கென்றே சர்வதேச விதி இருக்கிறது. 'சோலாஸ்' எனப்படும் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ், படிக்கும் படிக்கும் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். 310-க்குக் குறையக் கூடாது, 350-ஐத் தாண்டக் கூடாது. ஏணி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுநடுவே நீளமான குறுக்குப் பலகை வேண்டும். நூலேணியில் ஏறும் உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கிட்டத்தட்ட மூன்று மாடி. அதைவிட உயரமான கப்பல் என்றால், மேல் பாதிக்குச் சாய்வான படிக்கட்டை இறக்கி, அதனுடன் நூலேணியை இணைத்துத் தர வேண்டும்.

விதி இருக்கிறது. ஆனால் ஏணியைக் கட்டுவது கப்பல் ஊழியர்கள். இற்றுப்போன கயிறு, உடைந்த படி, அவசரத்தில் போட்ட முடிச்சு... இதெல்லாம் கீழே படகில் நிற்பவர் கண்ணுக்கு எப்போதும் தெரியாது. சர்வதேச பைலட்கள் சங்கம் உலகம் முழுக்க உள்ள பைலட்களிடம் ஏணிகளைச் சோதிக்கச் சொல்லி ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. ஒவ்வொரு முறையும் விதிப்படி இல்லாத ஏணிகள் கணிசமாகவே சிக்குகின்றன. நியூயார்க் துறைமுகத்தில் 2019 டிசம்பரில் அனுபவம் மிக்க பைலட் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். எட்டே மாதத்தில், 2020 ஆகஸ்ட்டில், அதே துறைமுகத்தில் இன்னொருவர். இரண்டு பேருமே ஆயிரக்கணக்கான கப்பல்களுக்கு வழி காட்டிய துறைமுகத்தைச் சேர்ந்தவர்கள். அனுபவம் இருந்தால் தப்பிக்கலாம் என்று சொல்லிவிட முடியாத வேலை.

மேலே போனதும்...

ஏறியதும் பைலட் போய் நிற்கும் இடம், கப்பலின் உச்சியில் இருக்கும் கட்டுப்பாட்டு அறை. கேப்டன் உக்ரைன்காரராக இருக்கலாம், சுக்கான் பிடிப்பவர் பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம். பைலட் அவர்களை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்க்கிறார். அந்தக் கப்பலையும்கூட முதல் முறையாகத்தான் பார்க்கிறார் என்பதுதான் இதில் வேடிக்கை. அடுத்த சில நிமிடங்களில் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டாக வேண்டும். தண்ணீருக்குக் கீழே கப்பல் எத்தனை மீட்டர் இருக்கிறது, இன்ஜின் எப்படி, எதில் கோளாறு இருக்கிறது என்று கேப்டன் சொல்வார். எந்த வழியாகப் போகப் போகிறோம், எத்தனை இழுவைப் படகுகள் வரும், எங்கே திருப்பப் போகிறோம் என்று பைலட் சொல்வார். கையில் ஒரு காபி வரும். அதைக் குடிக்க நேரம் கிடைப்பது அன்றைய காற்றைப் பொறுத்தது.

பிறகு, ஆங்கிலத்தில் சின்னச் சின்னக் கட்டளைகள். 'டெட் ஸ்லோ அஹெட்', 'ஸ்டார்போர்ட் டென்' என்று பைலட் சொல்ல, சுக்கான் பிடிப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்வார். தவறாகக் காதில் விழுந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வேகமாகப் போனால் கப்பலை நிறுத்த முடியாது. மெதுவாகப் போனால் சுக்கானுக்குத் தண்ணீர் போதாமல் கப்பல் திரும்பாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பைலட்டின் பிழைப்பு. ஆழம் குறைந்த இடத்தில் வேகம் எடுத்தால் கப்பல் இன்னும் கொஞ்சம் கீழே அமுங்கும், அடி தட்டும். பின்னோக்கி இன்ஜினைப் போட்டால், பெரும்பாலான கப்பல்களில் முகப்பு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பத்து அடுக்கு கன்டெய்னர் ஏற்றிய கப்பல் என்றால் அந்தக் கன்டெய்னர் சுவரே பாய்மரமாகிக் காற்றை வாங்கும். போதாததற்கு, கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்த்தால் கப்பலின் மூக்குக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் தெரியாது. 500 மீட்டர் வரை அப்படி மறைந்திருக்க விதியே அனுமதிக்கிறது. அந்த 500 மீட்டருக்குள் ஒரு கட்டுமரம் வந்தால்?

இழுவைப் படகுகள் ஒரு பக்கம் தள்ள, ஒரு பக்கம் இழுக்க, பைலட் வாக்கி டாக்கியில் அவர்களுடன் பேசியபடியே கப்பலைச் சுவரருகே கொண்டுவருவார். பெரிய எண்ணெய்க் கப்பல் என்றால் கடைசித் தொடுதல் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்துக்குள் இருக்க வேண்டும். லட்சம் டன் எடை, குழந்தையைத் தொட்டிலில் போடும் வேகம். ஊழியர்கள் கயிற்றைத் தூணில் மாட்டியதும் பைலட் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்.

தப்பு நடந்தால் யார் பொறுப்பு?

பைலட் இருந்தாலும் கப்பலின் தலைமை கேப்டனிடம்தான் இருக்கும். பைலட் ஆலோசகர் என்பது சட்டத்தின் பார்வை. கேப்டனுக்குச் சந்தேகம் வந்தால் அவர் தலையிடலாம், தலையிட வேண்டும். பனாமா கால்வாய் மட்டும் இதற்குப் பெரிய விதிவிலக்கு. அங்கே பைலட் ஏறிவிட்டால் கப்பலைச் செலுத்தும் கட்டுப்பாடு அவருடையது.

ஆனால், ஆலோசகர் என்பதால் பைலட் தப்பித்துக்கொள்ள முடியாது. 2007 நவம்பரில், சான் பிரான்சிஸ்கோவில் கடும் பனிமூட்டத்தில் 'காஸ்கோ பூசான்' என்ற கன்டெய்னர் கப்பல் பாலத் தூணின் பாதுகாப்பு அமைப்பில் உரசியது. ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் எண்ணெய் விரிகுடாவில் கொட்டியது. அந்தக் கப்பலின் பைலட்டுக்குக் கிடைத்தது 10 மாதச் சிறைத்தண்டனை.

இன்னொரு இரவும் உண்டு. 2024 மார்ச் 26, அமெரிக்காவின் பால்டிமோர். 'டாலி' என்ற கப்பல் துறைமுகத்திலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்த 21 ஊழியர்களில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். பைலட் ஒருவரும், வேலை பழகிக்கொண்டிருந்த பயிற்சி பைலட் ஒருவரும் கூட இருந்தார்கள். நள்ளிரவு தாண்டி 1.25 மணிவாக்கில் கப்பலில் மின்சாரம் போனது. எதிரே பாலம். நான்கே நிமிடம்.

அந்த நான்கு நிமிடத்தில் பைலட் இழுவைப் படகுகளைக் கூப்பிட்டார். நங்கூரத்தைப் போடச் சொன்னார். பாலத்தை மூடச் சொல்லித் தகவல் அனுப்பினார். அதைக் கேட்ட போலீஸார் இரண்டு முனைகளிலும் வண்டிகளை நிறுத்தினார்கள். கப்பல் நிற்கவில்லை, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் சில நொடிகளில் சரிந்தது. பாலத்தின் மேல் சாலைப் பள்ளங்களைச் சரிசெய்துகொண்டிருந்த 6 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர நேரம் போதவில்லை. பாலத்தில் ஏறாமல் நிறுத்தப்பட்ட வண்டிகளில் இருந்தவர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். கப்பலைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்த பிறகும் ஒரு பைலட்டுக்குச் செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது என்பதை அந்த இரவு காட்டியது.

ஹூக்ளி என்ற சவால்

இந்தியாவில் பைலட் வேலையின் உச்சம் எது என்று கேட்டால் மாலுமிகள் கைகாட்டுவது கொல்கத்தாவை. சென்னையில் பைலட் ஏறிய கொஞ்ச நேரத்தில் துறைமுகம் வந்துவிடும். கொல்கத்தாவிலோ கடலில் ஆரம்பித்து, கங்கா சாகர் தீவைத் தாண்டி, ஹூக்ளி நதிக்குள் நுழைந்து, 200 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். சென்னையிலிருந்து விழுப்புரம் தாண்டிப் போகிற தூரம். வழியெல்லாம் வளைவு, மணல் திட்டு, வண்டல். நதியின் அடித்தரை அடிக்கடி இடம் மாறும். போன மாதம் கப்பல் போன பாதையில் இந்த மாதம் மணல் மேடு இருக்கலாம். ஜி.பி.எஸ் கப்பல் எங்கே இருக்கிறது என்று சொல்லும். அடியில் மணல் நகர்ந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. அதற்காகவே துறைமுக நிர்வாகம் ஆழத்தை அளந்துகொண்டே இருக்கிறது, மணலை வாரிக்கொண்டே இருக்கிறது. 1975-ல் ஃபராக்கா அணையைத் திறந்ததே, கங்கைத் தண்ணீரைத் திருப்பி விட்டு இந்த வண்டலை அடித்துப் போகத்தான். பிரச்னை தீர்ந்தபாடில்லை.

அங்கே 'ஜேம்ஸ் அண்டு மேரி' என்று ஒரு மணல் திட்டு இருக்கிறது. பெயரைக் கேட்டால் யாரோ தம்பதி என்று தோன்றும். 1694-ல் அங்கே மூழ்கிய 'ராயல் ஜேம்ஸ் அண்டு மேரி' என்ற கப்பலின் பெயர் அது. தாமோதர், ரூப்நாராயண் நதிகள் ஹூக்ளியில் கலக்கும் பகுதியில் சேரும் மணல். பாய்மரக் காலத்தில் அதில் தட்டிய கப்பலை நீரோட்டம் புரட்டிப்போட, மணல் விழுங்கிவிடுமாம். கிழக்கிந்திய கம்பெனி 17-ம் நூற்றாண்டிலேயே இந்த நதிக்கெனத் தனியாக பைலட்களை வைத்துக்கொண்டதற்கு இதுபோன்ற இழப்புகள்தான் காரணம்.

நேரமும் நதி சொல்வதுதான். கடல் ஏறும் நேரம் பார்த்து, அந்தத் தண்ணீரோடு கப்பல் மேலே போக வேண்டும். கணக்கு தவறினால் வழியிலேயே நங்கூரம் போட்டு, அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கொல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தாலும் நேரே நிறுத்திவிட முடியாது. கதவு போட்ட நீர்ப்பூட்டு வழியாகக் கப்பலை உள்ளே நுழைக்க வேண்டும்.

இந்த நதிக்கு பைலட் ஆனவர்களில் ஒருவர் சென்னைப் பெண். ரேஷ்மா நிலோஃபர் நாஹா. கடல்சார் தொழில்நுட்பம் படித்தவர், 2011-ல் கொல்கத்தா துறைமுகத்தில் பயிற்சி பைலட்டாகச் சேர்ந்தார். தகுதி பெற்ற பைலட் ஆனது 2018-ல். இடையில் ஓடியவை ஏழு ஆண்டுகள். ஒரே ஒரு நதியைக் கற்றுக்கொள்ள! இந்தியாவின் முதல் பெண் நதி பைலட் என்ற பெருமையோடு, 2019 மார்ச்சில் ஜனாதிபதியிடமிருந்து 'நாரி சக்தி' விருதும் வாங்கினார். நூலேணிக்கு ஆண், பெண் வித்தியாசம் தெரியாது. அவருக்கும் அதே உயரம், அதே அலைதான்.

பைலட் ஆக ஆசையா?

பிளஸ் டூ முடித்த கையோடு பைலட் ஆகிவிட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். பொதுவாக நம் பெரிய துறைமுகங்கள் பைலட் வேலைக்குக் கேட்பது 'மாஸ்டர்' சான்றிதழ். அதாவது, வெளிநாடு செல்லும் கப்பலுக்கே கேப்டனாக இருக்கும் தகுதி. அதற்கு வழி நீளமானது.

பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், கணிதம். அந்தப் பாடங்களில் 60 சதவிகிதம், கூடவே ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். பிறகு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வு. 2008-ல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையிலேயே, செம்மஞ்சேரியில் இருக்கிறது. மூன்று ஆண்டு பி.எஸ்சி நாட்டிக்கல் சயின்ஸ் சேரலாம். அல்லது ஒரு வருட டிப்ளமோ படித்துவிட்டு, ஒன்றரை வருடம் கப்பலில் கேடட்டாகப் பயிற்சி எடுக்கலாம். டிப்ளமோவுக்குக் கப்பல் நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் வேண்டும். கண் பரிசோதனையில் நிறக்குருடு இருந்தால் கப்பலின் மேல்தள வேலைக்கே எடுக்க மாட்டார்கள். சிவப்பு விளக்கா, பச்சை விளக்கா என்று தெரியாமல் இரவில் எதிரே வரும் கப்பலை எப்படிக் கணிப்பது? பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

அதன் பிறகு செகண்ட் மேட் தேர்வு, கடலில் சில காலம், சீஃப் மேட் தேர்வு, மறுபடி கடல், கடைசியில் மாஸ்டர். எவ்வளவு வேகமாகப் படி ஏறினாலும் முப்பதை நெருங்கிவிடும். துறைமுகத்தில் சேர்ந்த பிறகு மீண்டும் மாணவர். மூத்த பைலட்டுடன் கப்பல் கப்பலாக ஏறி வேடிக்கை பார்க்க வேண்டும். பிறகு அவர் பக்கத்தில் நிற்க, இவர் ஓட்ட வேண்டும். தேர்வு வைத்து உரிமம் தருவார்கள். அப்போதும் முதலில் சின்னக் கப்பல்கள்தான். பெரிய கப்பலுக்குப் படிப்படியாகத்தான் போக முடியும். அமெரிக்காவில் இன்னும் கறார். தன் பகுதியின் கடல் வரைபடத்தை, ஆழம், மிதவை, விளக்கு உட்பட, மனப்பாடமாக வரைந்து காட்ட வேண்டும்.

இத்தனை வருடம் படித்து கேப்டன் ஆனவர், கப்பலிலேயே இருந்தால் இதைவிட அதிகம் சம்பாதிக்கலாமே என்று தோன்றும். உண்மைதான், பலருக்கு அப்படித்தான். பிறகு ஏன் வருகிறார்கள்? மாதக்கணக்கில் கடலில் இருந்தவருக்கு, ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் ஹோம்வொர்க்கைப் பார்ப்பது பெரிய ஈர்ப்பு. ஷிஃப்ட் நள்ளிரவு இரண்டு மணிக்கு முடியலாம் என்பது வேறு கதை.

தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரிப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கப்பல் வேலை என்ற பெயரில் ஏமாற்றும் ஏஜென்ட்கள் அதிகம். கல்லூரி, மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்றதா, வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு அதே இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல் உரிமம் இருக்கிறதா என்று இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். இரண்டும் இல்லாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இருட்டிய பிறகு துறைமுகத்தின் பக்கம் கடலைப் பார்க்க முடிகிற இடத்தில் நிற்க நேர்ந்தால், குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கலாம். தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். அவற்றுக்கு நடுவே ஒரு சின்னப் படகு ஓடும். மேலே வெள்ளை விளக்கு, அதற்கு நேர் கீழே சிவப்பு விளக்கு. உலகம் முழுக்க பைலட் படகுக்கு அதுதான் அடையாளம். அது ஒரு கப்பலை ஒட்டிப் போய்ப் பிரிந்து வந்த கொஞ்ச நேரத்தில், அந்தக் கப்பல் துறைமுகத்தை நோக்கி நகர ஆரம்பித்தால்... ஆள் ஏணியில் ஏறிவிட்டார் என்று அர்த்தம். பகலில் என்றால் கப்பலின் கொடியைத் தேடலாம். பாதி வெள்ளை, பாதி சிவப்பு. 'பைலட் உள்ளே இருக்கிறார்' என்று சொல்லும் கொடி அது.